பச்சை ஒட்டியிருந்த பள்ளங்கள்

மார்ச் 3

குன்றுக்கு மறுபடி போகச் சொல்லி ஆர்டர் வந்துவிட்டது. இருபத்து மூன்று வருஷம் கழித்து! அங்கே செம்பு இருக்கிறது என்று முதலில் எழுதியவன் நான்தான். நூறு கிலோ கல்லுக்கு நாலு கிலோ செம்பு என்று என் ரிப்போர்ட். அதை நம்பித்தான் இப்போது துளை போட்டுப் பார்க்க யோசிக்கிறார்கள். மறுபடி அளந்து, சரி என்று வந்தால் மிஷின் ஏறும், எனக்கும் பதவி உயரும்.

அங்கிருந்து எடுத்துவந்த பச்சைக் கல்லை அலமாரியிலிருந்து இறக்கித் துடைத்தேன். மனைவி சிரித்தாள். பெற்ற பிள்ளையைக்கூட நான் இப்படித் துடைத்ததில்லையாம்.

மார்ச் 9

கூட வந்திருப்பவர் வேறு ஆபீஸ் அம்மா. என் வயதுதான் இருக்கும். பட்டப்பெயர் 'அளவுகோல்'. டேப்பின் முனையைப் பிடிக்கிறேன் என்று கை நீட்டினேன். கொடுக்கவில்லை. பாறை இடுக்கில் ஆணி அடித்து அதில் மாட்டினார். மனுஷன் கை தளரும், ஆணி தளராதாம். ரொம்பத்தான்.

மார்ச் 10

குன்று அப்படியே இருக்கிறது. கரும்பாறைக்கு நடுவே அந்த வெள்ளை நரம்பு கோணல்மாணலாக ஓடுகிறது. சில இடத்தில் கை அகலம், சில இடத்தில் விரல் அகலம், அறுபது மீட்டர் போய் மண்ணுக்குள் மறைகிறது. எந்தக் காலத்திலோ ஆழத்திலிருந்து சுடுதண்ணீர் வெடிப்பு வழியாக ஏறிவந்து, ஆறி, விட்டுப்போன கல். கூடவே வந்த செம்பு மழையும் காற்றும் பட்டுப் பச்சையாகக் கசிந்திருக்கிறது. என்ன அழகு! இன்றைக்கும் பார்த்துக்கொண்டேதான் நின்றேன்.

மார்ச் 12

அந்த அம்மா வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். நரம்புக்குக் குறுக்கே, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை, ஒரே அகலம் ஒரே ஆழத்தில் உளியால் சின்ன வாய்க்கால் மாதிரி காடி வெட்டுகிறார். உதிர்வது அத்தனையும் பைக்குள் போகிறது. பச்சையும் சரி, ஒன்றுமில்லாத வெள்ளையும் சரி. கீழே பாய் விரித்து, தூளைக்கூடக் கூட்டி அள்ளுகிறார். காலையிலிருந்து மூன்று காடிதான் ஆனது. முதுகைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாரே தவிர அவசரப்படவில்லை. வேலைன்னா இதுதான்யா வேலை.

நான் அன்றைக்கு எப்படி எடுத்தேன்?

மனசே, சும்மா இரு.

மார்ச் 13

கண்டுபிடித்துவிட்டார். சாப்பிட உட்கார்ந்தபோது பாறையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "சார், பச்சை ஒட்டியிருக்கிற இடமெல்லாம் பழைய சுத்தியல் பள்ளமா இருக்கு. வெள்ளைக் கல்லுல ஒரு அடிகூட விழல."

யார் அடித்தது என்று கேட்கவில்லை. நான்தான் சாப்பாட்டைப் பாதியில் மூடி வைத்தேன்.

மார்ச் 14

ஆமா, நான்தான். சந்தையில் நல்ல தக்காளியை மட்டும் பொறுக்குகிற மாதிரி பொறுக்கினேன். பொறுக்கிவிட்டு, கூடை முழுக்க இப்படித்தான் என்று எழுதிக் கொடுத்தேன். பொய் சொல்லணும்னு நினைக்கல. முதல் ரிப்போர்ட், சின்ன வயசு, கண்டுபிடிச்சுட்டோம்ங்கிற ஆசை கண்ணை மறைச்சிடுச்சு — ஆசை யாரை விட்டது?

ஏப்ரல் 2

லேபிலிருந்து வந்துவிட்டது. நூறு கிலோவுக்கு அரைக் கிலோகூடத் தேறவில்லை. நாலு எங்கே, அரை எங்கே! மேற்பரப்புச் செம்பு மழையில் கரைந்து போயிருக்கலாம் என்று ரிப்போர்ட்டில் ஒரு வரி சேர்த்தால் போதும், என் பழைய கணக்கு தப்பித்துவிடும். யாரும் கேட்கமாட்டார்கள். சேர்த்துவிடலாமா?

ஏப்ரல் 5

அந்த அம்மா எழுதிய ரிப்போர்ட் என் கையெழுத்துக்கு வந்திருக்கிறது. வரிக்கு வரி அளந்து எழுதியிருக்கிறார். ஒரு இடம் மட்டும் காலி. 'முன்பு கற்கள் எடுக்கப்பட்ட விதம்' என்று தலைப்பு, கீழே நாலு வரிக்கு வெறும் தாள்.

மறந்து விடுகிற ஆளா அவர்? அவரே எழுதியிருந்தால் என் மானம் போயிருக்கும். தலைப்பையே எடுத்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். இரண்டும் செய்யாமல் எனக்கென்று இடம் விட்டிருக்கிறார். இப்படி ஒரு மனுஷியா!

மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அலமாரியிலிருந்து கல்லை எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள்.

"எழுதிடுங்க. முழுப் பூசணிக்காயைச் சோத்துல எத்தனை நாள் மறைப்பீங்க?"

ஏப்ரல் 6

எழுதிவிட்டேன். 'பச்சையாகத் தெரிந்த கற்களை மட்டும் நான் பொறுக்கி எடுத்தேன். நாலு சதவீதம் என்பது அந்தக் கற்களின் கணக்கு, குன்றின் கணக்கு அல்ல.' கல்லையும் ஆபீஸில் ஒப்படைத்தேன்.

ஏப்ரல் 20

துளை போடும் திட்டம் ரத்து. மேலதிகாரி ஒரு மணி நேரம் வறுத்தெடுத்தார். பதவி உயர்வுப் பட்டியலில் நான் இல்லை. வரைபடத்தில் குன்றின்மேல் இருந்த நட்சத்திரம் போய் சின்னப் புள்ளி ஆகிவிட்டது. வலிக்கிறது. ஆனால் அந்தக் குன்றுக்குப் புள்ளிதான் சரி. அழகுக்குத் தனிக் குறியீடு கிடையாதே.

மே 11

வேறு குன்று. யாரை அனுப்ப என்று கேட்டதற்கு அளவுகோல் அம்மா என்னைத்தான் கேட்டாராம், டிரைவர் சொன்னார். காலையில் அந்த அம்மாவிடம் ஆணியை எடுத்து நீட்டினேன். வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு டேப்பின் முனையை என்னிடம் கொடுத்தார்.

"பிடிங்க சார்."

பிடித்தேன். சாயங்காலம்வரை கை தளரவில்லை.