மெத்தை தைத்த கதவு குறித்து

அனுப்புநர்:
வளர்ப்புக் கோப்பு எண் 212-இன் விண்ணப்பதாரர்,
உதவி ஆய்வாளர், எடையளவு அலுவலகம் (தற்போது குழந்தை வளர்ப்பு விடுப்பில்).

பெறுநர்:
தலைமை அலுவலர் அவர்கள்,
தத்தெடுப்புப் பிரிவு.

பொருள்: வீட்டாய்வு அறிக்கையின் பேரில் எங்களிடமிருந்து எடுத்துச் செல்லப்பட்ட ஒன்பது மாத ஆண் குழந்தையைத் திரும்ப ஒப்படைக்கக் கோருதல் – அறிக்கையில் கண்டவற்றுக்கு விளக்கம் அளித்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நானும் என் கணவரும் இரண்டு ஆண்டுகள் காத்திருந்து, நான்கு மாதங்களுக்கு முன் தங்கள் பிரிவின் வழியாக ஐந்து மாதக் கைக்குழந்தை ஒன்றை வளர்ப்புக்குப் பெற்றோம். ஆறு மாதம் வளர்த்து, இடையில் நடக்கும் வீட்டாய்வில் தேறினால் தத்து உறுதியாகும் என்பது விதி. ஆய்வு ஒரு வியாழக்கிழமை நடந்தது. அடுத்து வந்த திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு இருவர் வந்து, மூன்று இடத்தில் என் கையொப்பம் வாங்கிக்கொண்டு, குழந்தையைக் காப்பகத்துக்கு எடுத்துச் சென்றனர். இன்றோடு ஒன்பது நாளாகிறது. பதினைந்து நாளுக்குள் எழுத்து மூலம் விளக்கம் தராவிட்டால் குழந்தை வேறு குடும்பத்துக்குப் பரிந்துரைக்கப்படும் என்று ஆணையில் உள்ளது. அந்த விளக்கம்தான் இது.

2. எங்களுக்கு முன்பே ஒரு மகள் இருக்கிறாள். வயது எட்டு. வீட்டில் அவளைப் பெரியவள் என்போம். அவளுக்குச் சத்தம் என்பது நமக்குக் கேட்பது போலக் கேட்பதில்லை. குக்கர் விசில் அடித்தால் நமக்குச் சோறு வெந்தது என்று அர்த்தம். அவளுக்கு யாரோ காதுக்குள் ஆணி அடிப்பது போல இருக்கும். அதனால் எட்டு வருடமாக எங்கள் வீட்டில் எல்லாம் திறந்த பாத்திரத்தில்தான் வேகிறது. மிக்சி கிடையாது. அழைப்பு மணியின் கம்பியைக் கழற்றி வைத்திருக்கிறோம். சட்டைக் காலருக்குள் தைத்திருக்கும், அளவு அச்சிட்ட துணிப் பட்டியை வெட்டி எடுத்துவிட்டுத்தான் எந்த உடுப்பையும் போடுவாள். இவை எல்லாம் எங்கள் முதல் விண்ணப்பத்திலேயே, ஏழாம் பக்கத்தில், மருத்துவர் கடிதத்தோடு உள்ளன. மறைத்துவிட்டு வாங்கி வந்தோம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

3. இப்படி ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு இன்னொன்று எதற்கு என்று கேட்காதவர்கள் இல்லை. என் அக்கா தொலைபேசியில், "ஒண்ணையே சமாளிக்க முடியாம முழி பிதுங்குற, உனக்கு எதுக்குடி இந்த வேலை?" என்றாள். அதன் பிறகு அவள் அதிகமாகப் பேசுவதில்லை. தங்கள் படிவத்திலும் அந்தக் கேள்வி நாகரிகமாக இருந்தது. நாங்கள் போன பிறகு பெரியவளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பதற்காகவா என்றும் சிலர் கேட்டார்கள். இல்லை, ஐயா. ஆசையாக இருந்தது. அதற்கு மேல் எழுதும்படி அதில் ஒன்றும் இல்லை.

4. குழந்தை வந்த முதல் வாரம் என்ன நடந்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அவன் அழுதான், குழந்தை அழத்தான் செய்யும். பெரியவள் சுவரில் தலையை முட்டிக்கொண்டாள். அவளைப் பிடித்துக்கொள்ள ஒருவர், அவனைத் தூக்கிக்கொள்ள ஒருவர் என்று ஆறு நாள் ஓடியது. ஏழாம் நாள் வீட்டைப் பிரித்துக்கொண்டோம். முன்னறை எனக்கும் அவனுக்கும். பின்னறை அவளுக்கும் அவள் அப்பாவுக்கும். நடுவில் ஒரு நடைபாதை, ஒரு சமையலறை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இரண்டு குடித்தனம்.

5. என் கணவர் நாற்காலி, சோபா ஆகியவற்றுக்கு மெத்தை தைப்பவர். முன்னறைக் கதவுக்கு உள்பக்கமாகப் பஞ்சு வைத்து, சாம்பல் நிறத் துணி போர்த்தி, பித்தளை ஆணி அடித்தவர் அவர்தான். மூன்று நாள் வேலை அது. கடையில் சம்பளம் வாங்கிச் செய்யும் வேலையில் கூட அவர் அவ்வளவு நெருக்கமாக ஆணி அடித்து நான் பார்த்ததில்லை. அறிக்கையில் இது, "குழந்தையின் அழுகை வெளியே கேட்காதபடி கதவு மெத்தையால் அடைக்கப்பட்டுள்ளது" என்று உள்ளது. வாசகம் சரி. படிக்கிறவருக்கு ஈரக்குலை நடுங்கும் என்பதும் சரி. ஆனால் அந்தக் கதவுக்கு உள்ளே, அழுகிற குழந்தையோடு, நான் இருந்தேன். அது அறிக்கையில் இல்லை.

6. ஆய்வுக்கு வந்த அம்மையாரைப் பற்றி எனக்குக் குறை இல்லை. செருப்பை வெளியே விட்டார், கை கழுவிக்கொண்டுதான் குழந்தையைத் தொட்டார். தவறு என்னுடையது. நானும் ஆய்வுக்குப் போகிறவள்தான். பதினான்கு வருடமாகக் கடை கடையாக ஏறி இறங்கித் தராசுக்கு முத்திரை வைத்திருக்கிறேன். நாங்கள் போய் நின்றதும் கேட்காததற்கெல்லாம் விளக்கம் சொல்லி, நாற்காலி போட்டு, வியர்த்து வழிகிற கடைக்காரரின் தராசைத்தான் நான் இரண்டு முறை சோதிப்பேன். அதனால் அன்று கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வது என்று வைராக்கியமாக நின்றேன். குழந்தைகள் இருவரும் ஒரே அறையில் விளையாடுவார்களா என்றார். இல்லை என்றேன். குழந்தைக்குத் தாலாட்டுப் பாடுவீர்களா என்றார். இல்லை என்றேன். கணவரும் நீங்களும் ஒன்றாகச் சாப்பிடுவது உண்டா என்றார். இல்லை என்றேன். அவர் பேனா ஓடிக்கொண்டே இருந்தது. ஒழுங்காக, சுருக்கமாக, நேர்மையாகப் பதில் சொல்கிறேன் என்று எனக்குள் ஒரு பெருமை வேறு. வேலைப் புத்தியை வீட்டுக்குள் கொண்டுவந்து என் பிள்ளையைத் தொலைத்தேன்.

7. அவர் கேட்காததையும் நான் சொல்லாததையும் இப்போது சொல்கிறேன். பெரியவளுக்கும் சின்னவனுக்கும் நடுவில் உள்ள நடைபாதையில் பதினோரு தரை ஓடுகள் உள்ளன. முதல் மாதம் அவள் பின்னறை வாசலைத் தாண்டவில்லை. பிறகு ஒரு நாள் அவளாகவே சிவப்பு நாடாவைக் கொண்டுவந்து தன் வாசலோரம் உள்ள பதினோராம் ஓட்டில் ஒட்டினாள். சத்தத்தைக் குறைக்கும் காதுறையை மாட்டிக்கொண்டு அங்கே வந்து உட்கார்ந்தாள். மெத்தைக் கதவை ஒரு விரற்கடை திறந்து வைக்கச் சொன்னாள். நாங்கள் யாரும் சொல்லித்தரவில்லை. வாரம் ஒரு ஓடு, சில வாரம் அதுவும் இல்லை, சனிக்கிழமைகளில் மட்டும் நாடாவை நகர்த்துவாள். மாலை நாலு பத்துக்கு அவன் தூங்கி எழுந்து அழுகிற நேரத்துக்குத்தான் வந்து உட்காருவாள். அழாதபோது வந்து உட்காருவது சுலபம், அது கணக்கில் சேராது என்பது அவளுடைய சட்டம். அவள் சட்டத்துக்கு முன் தங்கள் அலுவலக விதிகள் எல்லாம் ஒன்றுமே இல்லை.

8. ஆய்வு நடந்த அன்று அவள் மூன்றாம் ஓட்டுக்கு வந்திருந்தாள். எப்போதும் போலச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கேட்பதும் பார்ப்பதும் ஒரே நேரத்தில் சேர்ந்தால் அவளுக்குத் தாங்காது. அதனால் முதலில் கேட்டுப் பழகிக்கொண்டிருக்கிறாள், பார்ப்பது அப்புறம். அறிக்கையில், "மூத்த குழந்தை சுவரைப் பார்த்து உட்கார வைக்கப்பட்டிருந்தாள், தண்டனையாக இருக்கலாம்" என்று உள்ளது. அந்த நேரம் பார்த்து அம்மையாரின் கைப்பேசி முழுச் சத்தத்தில் ஒலித்தது. பெரியவள் அலறினாள். சின்னவன் அழுதான். அவள் காதுறையைக் கழற்றி வீசினாள். அது பின்னறைக் கதவு நிலையில் பட்டது. "மூத்த குழந்தையால் கைக்குழந்தைக்கு ஆபத்து நேரலாம்" என்பது அந்த நிமிடத்தைப் பற்றிய வரி. நான்கு மாதத்தில் அவள் எதையாவது வீசியது அன்று ஒரு முறைதான். அவன் இருந்த பக்கமாக வீசவில்லை.

9. குழந்தையைக் கேலிப் பெயரால் அழைக்கிறோம் என்றும் உள்ளது. குண்டு என்று கூப்பிடுகிறோம். ஆள் ஒல்லிக்குச்சி. பெரியவள் வைத்த பெயர் அது. அவன் இருந்த வரையில், அந்தப் பெயரை யார் மெதுவாகச் சொன்னாலும் அவன் முகம் மலராமல் இருந்ததில்லை.

10. அடுத்தது, கணவனும் மனைவியும் "ஒரே கூரையின் கீழ் பிரிந்து வாழ்கின்றனர்" என்பது. இதற்கு ஆதாரமாகக் குளிர்சாதனப் பெட்டியில் மாட்டியிருக்கும் எழுதுபலகையிலிருந்து ஒரு வரியை அம்மையார் எடுத்து எழுதியிருக்கிறார்: "இன்றைக்கும் உங்களைப் பார்க்கவில்லை. பால் தீர்ந்துவிட்டது." நான் எழுதிய வரிதான். நாங்கள் அந்தப் பலகையில்தான் பேசிக்கொள்வோம். அவன் எப்போது அழுதான், எத்தனை நிமிடம், அவள் எங்கே இருந்தாள், மருந்து கொடுத்தாயிற்றா, இவ்வளவும் அதில் இருக்கும். ஒருவர் சமையலறைக்கு வரும்போது மற்றவர் ஏதாவது ஒரு கதவைக் காவல் காத்துக்கொண்டிருப்பார். நான் குளித்துவிட்டு வரும்போது அவருடைய தட்டு கழுவிக் கவிழ்த்திருக்கும். அதில் இன்னும் ஈரம் இருந்தால் இப்போதுதான் போயிருக்கிறார் என்று தெரிந்துகொள்வேன்.

அந்த வரி புகார் இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். உண்மையைச் சொன்னால் அது புகார்தான். ஆனால் அவருக்கு எழுதிய புகார். தங்கள் அலுவலகத்துக்கு எழுதியது அன்று. எனக்குத் தனிமையாக இருந்தது, ஐயா. இரண்டு பிள்ளைகளும் ஒரு கணவரும் இருக்கிற வீட்டில், நாள் முழுவதும் கிசுகிசுத்துப் பேசி, யாரோடும் ஒரு வாய் சோறு சேர்ந்து உண்ணாமல், எனக்கு மிகவும் தனிமையாக இருந்தது. அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். கேட்டுக்கொள்ள நேரம் கிடைக்கவில்லை. அதற்குப் பெயர் பிரிவு என்றால், நாங்கள் பிரிந்தது இரண்டு பிள்ளைகளையும் ஒரே வீட்டில் வைத்துக்கொள்வதற்காக.

11. இப்போது வீட்டில் சத்தமே இல்லை. பெரியவளுக்கு நிம்மதியாக இருக்கும் என்று ஆணை கொண்டுவந்தவர்களில் ஒருவர் எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். அவள் நாலு பத்துக்குக் காதுறையை மாட்டிக்கொண்டு மூன்றாம் ஓட்டில் போய் உட்காருகிறாள். பன்னிரண்டு நிமிடம் கழித்து எழுந்துகொள்கிறாள். இடையில் வந்த சனிக்கிழமை நாடாவை நகர்த்தவில்லை. ஏன் என்று கேட்டேன். "அவன் இல்லாதப்ப நகத்தினா அது அழுகுணி ஆட்டம்மா" என்றாள்.

12. ஆகவே கீழ்க்கண்டவற்றைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

குழந்தையை எங்களிடம் திரும்ப ஒப்படைக்க வேண்டும்.

மீண்டும் ஆய்வு தேவையென்றால் யார் வந்தாலும் சரி, அதே அம்மையார் வந்தாலும் சரி. ஆனால் மூன்று மணியிலிருந்து ஆறு மணிவரை இருந்து பார்க்க வேண்டும். முன்வாசல் அவன் தூங்கும் அறைக்குள் திறப்பதால், கைப்பேசியை அணைத்துவிட்டுப் பின்வாசல் வழியாக வரவும். இந்த முறை கேட்காததையும் சொல்வேன்.

இவற்றுக்கு நாளாகுமென்றால், அதுவரை காப்பகத்தில் அவனைப் பார்த்துக்கொள்பவர்களிடம் தயவுசெய்து சில செய்திகளைச் சொல்லிவிடவும். அங்கே பத்துப் பன்னிரண்டு குழந்தைகள் இருப்பதாக அறிகிறேன். அவன் சத்தம் இல்லாத வீட்டில் வளர்ந்தவன். தூங்கவைக்கப் பாட வேண்டாம், தட்ட வேண்டாம். அவனுக்கு அது பழக்கமில்லை. ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகில் முழு உள்ளங்கையை வைத்து அப்படியே இருந்தால் போதும். கையை உடனே எடுத்துவிடக் கூடாது. சட்டையின் காலர் பட்டியை வெட்டிவிட்டுப் போடவும். அவனுக்கு அது ஒன்றும் உறுத்தாது; ஆனால் அக்காவுக்கு வெட்டுகிற கையோடு அவனுக்கும் வெட்டியே பழகிவிட்டோம்.

13. இந்த மனுவை நானும் என் கணவரும் சமையலறை மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து எழுதுகிறோம். அவன் வந்த நாளிலிருந்து நாங்கள் இருவரும் இப்படிச் சேர்ந்து உட்கார்ந்ததில்லை. சோறு ஆறுவதற்குள் சாப்பிட்டோம். எந்தக் கதவையும் யாரும் காவல் காக்க வேண்டியிருக்கவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துப் பேச நேரம் நிறைய இருக்கிறது.

எங்களுக்கு இந்த வசதி வேண்டாம், ஐயா. அவனைக் கொடுத்துவிடுங்கள்.

இடம்: வீடு
நாள்: புதன்கிழமை, குழந்தை போன ஒன்பதாம் நாள்

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
இரு குழந்தைகளின் தாய்

(ஒப்பம்)
இரு குழந்தைகளின் தந்தை

இணைப்பு:
மருத்துவர் கடிதம், நகல் – 1
எழுதுபலகையின் நான்கு மாதக் குறிப்புகள், என் கணவர் நாள்தோறும் நோட்டில் பெயர்த்து எழுதிவைத்தவை – 118 பக்கம். (இப்படி ஒரு நோட்டு இருப்பது எனக்கு நேற்றுத்தான் தெரியும்.)