கயிற்றுக்கு அப்பால் ரொட்டி

அன்புள்ள அம்மாவுக்கு,

இடுப்பு வலி எப்படி இருக்கிறது? ஆடுகள் குட்டி போட்டுவிட்டனவா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை பயணிகளுக்கு எரிமலை வாயைக் காட்டிவிட்டு, மீவட்ன் ஏரிப் பக்கம் வெந்நீர் ஊற்றுகளுக்குக் கூட்டிப் போனேன். "கயித்தைத் தாண்டாதீங்க, மேல மண்ணு, கீழ கொதிக்கிற தண்ணி" என்று சொல்லிவிட்டு, முந்தின நாள் சூட்டு மண்ணில் வேகப் புதைத்து வைத்த கறுப்பு ரொட்டியை எடுக்க நானே கயிற்றைத் தாண்டினேன். என் கால்தடத்தைப் பாதை என்று நினைத்து ஒரு பெரியவர் பின்னாலேயே வந்துவிட்டார். திரும்பி அவரைக் கயிற்றுக்கு இப்பால் தள்ளிவிட்டேன். மண் கொஞ்சம் உள்வாங்கியது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

எங்கள் வண்டி ஓட்டுநர் தோர்கில்ஸ் மட்டும் சும்மா விடவில்லை. "வாயால தாண்டாதேன்னுட்டு காலால வழி காட்டினா, மனுஷன் எதை நம்புவாரு?" என்றான். அது இன்னும் காதிலேயே நிற்கிறது.

இரண்டு வாரம் விடுப்பு. நீங்கள் கிளம்பி வர வேண்டாம். அறையில் கட்டில் ஒன்றுதான். கொஞ்சம் உலர்மீன் அனுப்புங்கள். ரொட்டி இல்லாமல் தனியாகச் சாப்பிடவும் அது தோதாக இருக்கும்.

தபால் வண்டி வந்துவிட்டது. கம்பளிக் காலுறை பின்னினால், இடது காலுக்கு மட்டும் துணிக்கட்டின் மேல் ஏறும்படி அகலமாகப் பின்னுங்கள். வலதுக்குப் பழைய அளவே போதும்.

உங்கள்
சோல்ரூன்