படுக்கையறை என்று யார் சொன்னது

19 மார்ச் 2013, செவ்வாய்

மீன்பிடிப் படகில் வேலை பார்த்த என் வீட்டுக்காரர் எக், காலையில் துறைமுகம் வரை நடந்து போய்விட்டுத் தானாகவே திரும்பி வந்தார். பக்கவாதம் வந்ததிலிருந்து அவருக்கு என் தங்கையின் பெயர் மறந்துபோகிறது, சாப்பிட்டது மறந்துபோகிறது. இந்தத் தெரு மட்டும் மறக்கவில்லை. எங்காவது நின்று விழித்தால், மீன்கடைக்காரரோ தபால்காரரோ தோளைத் தொட்டு, “வீடு அந்தப் பக்கம், எக்” என்று திருப்பிவிடுவார்கள்.

மத்தியானம், எங்கள் வாடகை வீட்டுக்குச் சொந்தக்காரர்களான ஊர்க் கவுன்சிலிலிருந்து தகவல். ஏப்ரல் முதல் எங்கள் வீட்டில் ஒரு படுக்கையறை ‘அதிகம்’. கணவன் மனைவிக்கு ஒன்றே போதுமாம். அதனால் வாடகை உதவியில் ஏழில் ஒரு பங்கு வெட்டு.

இரண்டாவது படுக்கையறையா? எங்கே இருக்கிறது? கொஞ்ச நேரம் நிஜமாகவே யோசித்தேன். பிறகுதான் புரிந்தது. அவர்கள் சொல்வது மாடியில் துணி காயப்போடும் அந்தப் பொந்தை!

20 மார்ச்

எதிர்வீட்டு ஐனாவுக்கும் அதே வெட்டு. வந்து உட்கார்ந்து என் பிஸ்கட்டெல்லாம் தின்றுவிட்டு, “கவுன்சிலோட மல்லுக்கட்டி எவ ஜெயிச்சிருக்கா, செங்கா? வாயை மூடிட்டுக் கட்டிடு, இல்லைன்னா மூட்டையைக் கட்டிடு” என்றாள்.

“அது படுக்கையறையே இல்லடி.”

“அவங்க சொன்னா படுக்கையறைதான். நாளைக்கு உன் அலமாரியை அரண்மனைன்னு சொன்னாலும் நீ மகாராணிதான்.”

சிரித்தேன். அவள் போன பிறகு சிரிப்பு வரவில்லை.

2 மே

கவுன்சிலின் வீட்டுப் பிரிவிலிருந்து லம்ஸ்டன் என்ற பையன் வந்தான். முப்பது வயதிருக்கும். மரியாதையாகத்தான் பேசினான், வாசலில் ஷூவைக்கூடக் கழற்றினான். ஆனால் பொந்துக்குள் நுழையவில்லை. வாசலில் நின்றே எட்டிப் பார்த்தான். நுழைந்திருந்தால் முழங்கால் இடித்திருக்கும். கீழே படியேறுகிறவர்களுக்குத் தலை இடிக்காமல் இருக்க, பாதி அறையை ஒரு மரப்பெட்டி மாதிரி மேடு கட்டி அடைத்திருக்கிறார்கள். மிச்ச இடத்தில்தான் கதவு உள்பக்கமாகத் திறக்கிறது.

“எங்க பதிவுல இது படுக்கையறைன்னுதான் இருக்கு, திருமதி பெட்ரி. சின்ன வீடு வேணும்னா ஊருக்கு அந்தக் கோடியில, மலைப்பக்கம் ஒண்ணு காலியா இருக்கு.”

“என் வீட்டுக்காரருக்கு அந்தப் பக்கம் ஒரு தெருவும் தெரியாதுப்பா.”

“பழகிடுவாரு.”

பழகிடுவாரா? நேற்று போட்ட ஸ்வெட்டரையே யாருடையது என்று கேட்கிற மனுஷன். மலைப்பக்கம் கொண்டுபோய் வைத்தால் அவர் முதல் நாளே கடலைத் தேடிக்கொண்டு கிளம்புவார். வழியில் தோளைத் தொட ஒருத்தன் இருக்க மாட்டான்.

போக மாட்டேன். அவ்வளவுதான்.

3 மே

மேல்முறையீட்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். மூன்று முறை கிழித்துப் போட்டுவிட்டு எழுதினேன். பள்ளிக்கூட அடுப்படியில் இருபது வருஷம் நூறு பிள்ளைகளுக்குச் சமைத்தபோது நான் எழுதியதெல்லாம் சாமான் பட்டியல்தான்.

ஜூலை, ஏதோ ஒரு நாள்

கவுன்சில் மறுத்துவிட்டது. இனித் தீர்ப்பாயம். வாடகை பாக்கி ஏறுகிறது. வீட்டைக் காலி செய்யச் சொல்லி முதல் எச்சரிக்கையும் வந்துவிட்டது. எக் அதை மடித்துக் காகிதக் கப்பல் செய்திருந்தார். நல்ல கப்பல்.

24 செப்டம்பர், செவ்வாய்

இன்று விசாரணை. மெதுவாக எழுதுகிறேன், ஒன்றும் விட்டுப்போகக் கூடாது.

நகர மண்டபத்தின் பின்னறை. நீதிபதி ஒரு பெண், கால்டர் என்று பெயர். மூக்குக் கண்ணாடி, சளி பிடித்த குரல். லம்ஸ்டன் வீட்டு வரைபடத்தைப் பரப்பினான். பொந்துக்குள் அழகாக ஒரு கட்டில் வரைந்திருந்தது!

நீதிபதி கேட்டார், “சட்டத்துல எந்த இடத்துலயும் படுக்கையறைன்னா என்னன்னு எழுதலையே, மிஸ்டர் லம்ஸ்டன். அப்ப எதை வெச்சு சொல்றீங்க?”

“வீட்டுச் சொந்தக்காரங்க, அதாவது நாங்க, படுக்கையறைன்னு பதிஞ்சிருந்தா அது படுக்கையறைங்க.”

“சமையலறையைப் படுக்கையறைன்னு பதிஞ்சா?”

லம்ஸ்டன் தண்ணீர் குடித்தான்.

என் முறை வந்தது. ராத்திரியெல்லாம் மனப்பாடம் செய்த பேச்சு முழுக்க மறந்துபோயிற்று. வாயில் வந்ததைச் சொன்னேன்: “அம்மா, படத்துல கட்டில் எங்க வேணா நுழையும். மேட்டை வரையலைன்னா யானைகூட நுழையும். படத்தைப் பாக்காதீங்க, வீட்டுக்கு வாங்க. நான் கட்டில் போட மாட்டேன். போட்டா வேணும்னே தப்பாப் போட்டேன்னு சொல்வாங்க. கவுன்சிலே ஒரு கட்டிலைக் கொண்டு வரட்டும்.”

எதிரே லம்ஸ்டன் உடனே, “எங்களுக்கு ஆட்சேபணை இல்லைங்க” என்றான். தைரியசாலி.

நீதிபதி தேதி குறித்தார். வருகிறாராம்!

10 அக்டோபர், வியாழன்

எங்கிருந்து ஆரம்பிப்பது?

காலையில் ஒரே கடல் மூடுபனி. அதைக் கிழித்துக்கொண்டு கவுன்சில் வேன் வந்தது. உள்ளே ஒற்றைக் கட்டில், மெத்தை, தூக்க இரண்டு பேர். தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. ஐனா முடியைச் சுருட்டும் கிளிப்புகளைத் தலையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

நீதிபதி வந்தார், கூட ஒரு எழுத்தர். தூக்குகிறவர்கள் படியில் திணறினார்கள். கட்டில் முழுதாக அறைக்குள் போகவில்லை. கழற்றினார்கள், துண்டு துண்டாக உள்ளே கொடுத்து அங்கேயே பொருத்தினார்கள். பொருத்தி முடித்தால் கதவு பாதியில் நின்றது.

அப்போதுதான் எக் மாடி ஏறி வந்தார். கட்டிலைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. “அடேயப்பா, இவ்வளவு இடமா! படகுல நாங்க தூங்கினது இதுல பாதிகூட இல்ல.”

என் உயிரே போய்விட்டது. ஆறு மாசம் பாடுபட்டு — கட்டின புருஷனே கவுத்துட்டாரே!

லம்ஸ்டன் குறித்துக்கொண்டான். வந்த உற்சாகத்தில், “கதவு மூடும், நான் காட்டறேன்” என்று கட்டிலைத் தாண்டி உள்ளே குதித்தான். கட்டிலின் ஒரு பக்கத்தைத் தூக்கி அந்த மேட்டின் மேல் சாய்த்தான். கதவை மூடினான். மூடிவிட்டது!

உள்ளேயிருந்து குரல்: “பாருங்க, மூடிடுச்சு!”

அடுத்த நொடி தடால் என்று ஒரு சத்தம். மேட்டிலிருந்து கட்டில் வழுக்கி விழுந்து கதவுக்கும் சுவருக்கும் நடுவே ஆப்பு மாதிரி இறுகிக்கொண்டது. கைப்பிடி திரும்பியது, கதவு அசையவில்லை. இன்னொரு முறை திரும்பியது.

“மிஸ்டர் லம்ஸ்டன்?” என்றார் நீதிபதி.

“இருக்கேங்க.”

“வெளியே வர முடியுமா?”

“இப்போதைக்கு... இல்லைங்க.”

எக் கதவில் காதை வைத்தார். “தம்பி, பயப்படாதே. முதல் ராத்திரி எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்.”

படியில் நின்றிருந்த ஐனா விழுந்து விழுந்து சிரித்தாள். நீதிபதி கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார்; சளிக்கு இல்லை. அப்புறம் எக்கிடம் திரும்பி, மெதுவாகத்தான் கேட்டார்: “ஐயா, படகுல நீங்க தூங்கின இடத்தை என்னன்னு சொல்வீங்க? அறைன்னா?”

“அறையா? யாரும்மா அதை அறைன்னு சொல்லுவா? சவப்பெட்டின்னு சொல்லுவோம்.”

எழுத்தர் அதையும் எழுதினார். எழுதுவதை என் கண்ணால் பார்த்தேன்.

லம்ஸ்டன் உள்ளேயே கட்டிலைக் கழற்ற வேண்டியிருந்தது. திருப்புளியைக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டோம். வெளியே வந்தபோது தலைமுடியெல்லாம் தூசி. பாவம், தேநீர் கொடுத்தேன். இரண்டு சர்க்கரை கேட்டான்.

25 அக்டோபர், வெள்ளி

ஜெயிச்சாச்சு!

ஜெயிச்சாச்சு, ஜெயிச்சாச்சு, ஜெயிச்சாச்சு.

தீர்ப்பில் ஒரு வரியை இங்கே எழுதி வைக்கிறேன்: ‘ஒரு மனிதர் உள்ளே படுத்து, கதவை மூடி, தன் விருப்பப்படி திறந்து வெளியே வர இயலாத இடத்தைப் படுக்கையறை என்று பெயரிடுவதால் அது படுக்கையறை ஆகிவிடாது.’ வெட்டியதை எல்லாம் ஏப்ரலிலிருந்து திருப்பித் தர வேண்டும். எச்சரிக்கை ரத்து. எக்கை இழுத்து நடுக்கூடத்தில் ஒரு சுற்று ஆடினேன். “யாருக்குக் கல்யாணம்?” என்று கேட்டார். “நமக்குத்தான்” என்றேன். காலை மிதித்துவிட்டார். வலிக்கவே இல்லை.

3 நவம்பர், ஞாயிறு

ஐனா வந்தாள். “என் ரூமையும் வந்து பாருடி. எனக்கும் ஜெயிச்சுக் கொடு.”

போய்ப் பார்த்தேன். பெரிய ஜன்னல், நல்ல சுவர், இரண்டு கட்டில் போடலாம். பொய் சொல்லலாமா என்று தோன்றியது. சொல்லவில்லை. “உன்னுது படுக்கையறைதான், ஐனா.”

“ஜெயிச்சதும் கவுன்சில்காரி ஆயிட்டியா?” கதவைச் சாத்திவிட்டாள்.

8 நவம்பர்

ஐனா ஒரு தட்டு ஸ்கோன் பன்னோடு வந்தாள். “திங்கறதுக்குத்தான். மன்னிப்புக்கு இல்ல” என்றாள். தின்றோம். இப்படிக் கஷ்டப்படுகிறவர்களுக்கென்று கவுன்சிலில் தனியாக ஒரு உதவி நிதி இருப்பதைச் சொன்னேன். அதைக் கேட்க, அவளுக்குப் பல வருஷமாக இருக்கும் மூச்சிரைப்பு நோயே போதும். திங்கட்கிழமை அவளோடு நானும் போகிறேன்.

2 டிசம்பர்

ஐனாவுக்கு அந்த உதவி கிடைத்துவிட்டது. தெரு முழுக்க, “நான் அப்பவே சொன்னேன், கவுன்சிலை விடக் கூடாதுன்னு” என்று சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

18 பிப்ரவரி 2014, செவ்வாய்

இன்று மறுபடி நகர மண்டபம். இந்த முறை டூகல் மெயினுக்காக. ரொட்டிக் கடையில் வேலை செய்தவர், தனி ஆள், யாரிடமும் அதிர்ந்து பேசாதவர். அவருடைய ‘அதிகப்படி படுக்கையறை’ வழியாக நடந்தால்தான் குளியலறைக்குப் போக முடியும். போன வாரம் போய் நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் அவருக்காகப் பேச ஒப்புக்கொண்டேன்.

வாசலில் ஒருவர் கேட்டார், “நீங்க இவரோட வக்கீலா?”

“இல்லைங்க. வாடகைக்கு இருக்கறவ.”

அவர் ஏதோ எழுதிக்கொண்டு உள்ளே விட்டார். வேறு நீதிபதி. எதிரே லம்ஸ்டன். தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தான். டூகலைப் பார்த்தான். மறுபடி என்னைப் பார்த்தான். கோப்பை மூடினான்.

“ஐயா, இந்த வழக்கைக் கவுன்சில் எதிர்க்கல.”

வெளியே வந்ததும் டூகல் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். “முடிஞ்சுதாம்மா? நான் ஒரு வார்த்தைகூடப் பேசலையே.”

“நானும்தான்” என்றேன்.

மாடி பஸ் உடனே வந்தது. மாடியில் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டோம்.