உரமில்லாத வரிசை

திருக்காட்டுப்பள்ளி
7.1.2024

அன்புள்ள கலை,

போனில் பேசினால் சண்டையாகிறது. நீ சொன்னபடி எழுதுகிறேன்.

நம் மண்ணில்தான் சோதிக்க வேண்டும் என்று டிசம்பரில் கொல்லையில் நீ நட்டுவிட்டுப் போன தக்காளி. முப்பதாம் நாள். உரமே வைக்காத முதல் வரிசை 21 செ.மீ., இலை மஞ்சள். யூரியா மட்டும் வைத்தது 48, கரும்பச்சை, பூ இல்லை. எல்லா உரமும் அளவாக வைத்தது 43, பூத்துவிட்டது.

பக்கத்து வீட்டுப் பக்கிரி அண்ணன் எட்டிப் பார்த்து, "ஏன்டா, சம்சாரம் படிக்கப் போனதும் செடியையும் பட்டினி போடுறியா?" என்றார். சிரித்தேன். அவர் போன பிறகும் அங்கேயே நின்றேன்.

நீ கோவைக்குப் போய் ஐந்து மாதம்.

மதிவாணன்


கோயம்புத்தூர்
2.2.2024

அன்புள்ள மதிக்கு,

அடுத்த அளவுத்தாள் வந்தது. முதல் வரிசை மூன்றே வாரத்தில் 46 செ.மீ. "வெறும் மண்ணுல எப்படிம்மா?" என்று பேராசிரியர் கேட்டார். அதோடு ஒப்பிட்டால்தான் மற்றவற்றில் உரம் என்ன செய்தது என்று சொல்ல முடியும். அது போனால் என் ஆய்வு போயிற்று. படிப்பை முடித்து நான் ஊர் வருவதும் தள்ளிப் போகும்.

உண்மையை எழுதுங்கள். திட்ட மாட்டேன் என்று சொல்ல முடியாது.

கலைமகள்


திருக்காட்டுப்பள்ளி
6.2.2024

கலை,

யூரியா வைத்தேன். மாட்டுப் பொங்கலன்று. மாடுகளுக்குப் பொங்கல் ஊட்டிவிட்டுக் கை கழுவக் கொல்லைக்குப் போனேன். முதல் வரிசையின் பத்துச் செடியும் வெளுத்து நின்றன. பயிர் வெளுத்தால் யூரியாவை எடுப்பது நான் யோசித்துச் செய்கிற காரியமில்லை. அன்றைக்கு யோசித்தேன். யோசித்தும் வைத்தேன். செடிக்கு ஒரு சிட்டிகை.

தாளில் பொய் எழுதவில்லை. சொல்லாமல் விட்டேன். நீ படிக்கப் போகிறேன் என்றபோதும் இப்படித்தான். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, போய் வா என்றும் சொல்லவில்லை.

இப்போது சொல்கிறேன். முடித்துவிட்டு வா. எத்தனை வருடமானாலும்.

மதி


கோயம்புத்தூர்
12.2.2024

அன்புள்ள மதிக்கு,

இரண்டு நாள் கோபமாக இருந்தேன். மூன்றாம் நாள் உங்கள் கடிதத்தைப் பேராசிரியரிடம் காட்டினேன், கடைசி வரிகளை மட்டும் மடித்துவிட்டு. "ஒத்துக்கிட்டாரே, அது போதும். ஜூன்ல மறுபடி நடு" என்றார். ஒரு பருவம் போயிற்று. அது உங்கள் தப்புதான்.

இந்த முறை கல்லூரித் தோட்டத்திலேயே வைக்கச் சொன்னார். இல்லை சார், எங்கள் கொல்லையில்தான் என்றேன். வாரா வாரம் வெள்ளிக்கிழமை ரயில் ஏறிவிடுவேன். அந்த முதல் வரிசை மஞ்சளாகும்போது, பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு பேரும் ஒன்றும் செய்யாமல் இருப்போம்.

கலை