அரைப்புள்ளி ஆச்சியின் கான சபை

சிவமயம்

நேமத்தான்பட்டி
சுக்கில வருஷம் ஆவணி 12 (1929)

ரங்கூனில் இருக்கும் கொழுந்தனார் இராமு அவர்களுக்கு அண்ணமிண்டி நாச்சியம்மை எழுதிக்கொண்டது.

இங்கு உங்கள் மனைவி மீனம்மாளும் பிள்ளைகளும் சுகம். உங்கள் சுகத்துக்கு எழுதவும்.

உங்கள் அண்ணன் காலமாகி மூன்றாவது வருஷம் நடக்கிறது. அவர்கள் விட்டுப்போன கான சபையை என்னால் ஆனமட்டும் பார்த்து வருகிறேன். இந்த வருஷம் எல்லாச் செலவும் போகக் கொஞ்சம் கையில் நிற்கிறது. பேர் வாங்கிய வித்வானைக் கூப்பிட்டால் ஒரு கச்சேரியில் வருஷ வரும்படி போய்விடும். அதனால் பேர் வாங்கப் போகிறவர்களாகப் பார்த்துக் கூப்பிடுகிறேன். சென்ற மாதம் பாடிய புதுக்கோட்டைப் பையனுக்கு இப்போதே மூன்று ஊரில் அழைப்பாம்.

நிற்க. பேருக்கு நீங்கள்தான் சபைத் தலைவர். இரண்டு வருஷமாக உங்கள் சந்தா வரவில்லை. தலைவரே பாக்கி என்றால், காவல்காரன் சோணையை எந்த முகத்தோடு ஊரில் வசூலுக்கு அனுப்புவது? கோபிக்காமல் அனுப்பி வைக்கவும்.

நாச்சியம்மை

•

ரங்கூன், மொகல் தெரு
புரட்டாசி 20

அண்ணமிண்டி அவர்களுக்கு இராமு வணக்கம்.

தங்கள் கடிதம் கிடைத்து மகிழ்ந்தேன். தாங்கள் படும் சிரமத்தை நினைத்து மனம் வருந்தியது. சந்தா விஷயத்தைச் சோணை முதற்கொண்டு தெரிந்துவைத்திருப்பது குறித்தும் வருந்தினேன்.

இங்குள்ள நம் ஊர்ப் பங்காளிகளைக் கூட்டிப் பேசினேன். நம் சபையும் கோயில் வழக்கப்படி நடப்பதுதான். புருஷனும் பெண்சாதியும் சேர்ந்தால் வரிக் கணக்கில் ஒரு புள்ளி. புருஷன் இல்லாதவர் அரைப்புள்ளி. அரைப்புள்ளி ஒருவர் முழுச் சபையை நடத்துவது எந்த ஊரிலும் இல்லை என்று இங்கே சிரிக்கிறார்கள். என்னால் தலை நிமிர முடியவில்லை.

ஆகையால் சாவி, ரொக்கம், ஜமக்காளம், விளக்குகள் எல்லாவற்றையும் என் மைத்துனரிடம் ஒப்படைக்கவும். இனிமேல் தாங்கள் கோயில் குளம் என்று நிம்மதியாக இருக்கலாம். இதெல்லாம் தங்கள் நன்மைக்காகவே.

தங்கள் அன்பு மறவாத
இராமு

•

நேமத்தான்பட்டி
ஐப்பசி 15

கொழுந்தனாருக்கு,

சாவியைக் கொடுத்துவிட்டேன். ரொக்கத்தை உங்கள் மைத்துனர் இரண்டு தரம் எண்ணி வாங்கிக்கொண்டார்.

அரைப்புள்ளி என்று எழுதினீர்கள். கோயில் கணக்கு அப்படித்தான். ஆனால் சபைக் கொட்டகை கட்டப் பணம் குறைந்து, என் சீர்ப்பணத்தில் உங்கள் அண்ணன் கை வைத்தபோது யாரும் பாதி போதும் என்று சொல்லவில்லை. போகட்டும்.

தலைமையும் வேண்டாம், கையெழுத்தும் வேண்டாம். பெண்கள் பக்கம் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்க மட்டும் எனக்கு இடம் இருக்கட்டும். உங்கள் அண்ணன் போனபின் எனக்கு இருக்கிற ஆறுதல் அது ஒன்றுதான். அதையும் பிடுங்கிவிடாதீர்கள். வாய்விட்டுக் கேட்கிறேன்.

இன்னொன்று. கொட்டகையை அடமானம் வைத்துப் பெரிய விழா எடுக்கப்போவதாக ஊரில் பேச்சு. அகல உழுவதைவிட ஆழ உழுவது நல்லது. யோசித்துச் செய்யவும்.

நாச்சியம்மை

•

ரங்கூன்
மார்கழி 8

அண்ணமிண்டி அவர்களுக்கு,

க்ஷேமம். தை மாதம் ஆண்டு விழா மூன்று நாள். பட்டணத்திலிருந்து முதல்தர வித்வான் வருகிறார். பர்மாத் தேக்கில் மேடை கப்பலேறிவிட்டது. கொட்டகையின் பேரில் கண்டனூரில் கடன் வாங்கியிருக்கிறோம். பெரிய காரியத்துக்குப் பெரிய மனசு வேண்டும். தங்களுக்கு அது புரியாது, குற்றம் சொல்லவில்லை.

விளக்கேற்றி வைப்பவள் மீனம்மாள். தங்கள் சீர்வரிசையில் வந்த வெள்ளிக் குத்துவிளக்கு இரண்டையும் துலக்கி அவளிடம் கொடுக்கவும். வித்வான் வாசலில் இறங்கும்போது தாங்கள் எதிர்ப்பட்டால் அவருக்கும் சங்கடம், நமக்கும் சங்கடம். மூன்று நாளும் உள்கட்டில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தால் நல்லது. மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

இராமு

•

நேமத்தான்பட்டி
தை 22 (1930)

கொழுந்தனாருக்கு,

விளக்குகளைக் கொடுத்தேன். புளி போட்டு நானே துலக்கினேன். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். அது நன்றாகவே நடந்தது.

இரண்டு நாள் நீங்கள் சொன்னபடி கதவைச் சாத்திக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் மனசு கேட்கவில்லை. பாட்டு ஆரம்பித்து எல்லாரும் உட்கார்ந்த பிறகு பின்வாசல் வழியாகப் போனேன். மீனம்மாள் எழுந்து வந்து வாசலை மறித்தாள். "நாலு பேரு பாக்குற இடம் அண்ணமிண்டி. ஒங்களுக்கே தெரிய வேணாமா?" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். ஆனாலும் பெண்கள் பக்கம் அத்தனை பேரும் திரும்பினார்கள். சோணை தலையைக் குனிந்துகொண்டான்.

வீட்டுக்கு வந்து கிணற்றடியில் உட்கார்ந்து மிச்சக் கச்சேரியைக் கேட்டேன். அழுதேன். உங்களுக்குத் தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன். பதில் எழுத வேண்டும் என்றில்லை.

நாச்சியம்மை

•

ரங்கூன்
பிரஜோத்பத்தி வருஷம் தை 5 (1932)

என் தாய்க்குச் சமமான அண்ணமிண்டி அவர்களுக்கு அடியேன் இராமு அநேக நமஸ்காரம்.

இரண்டு வருஷமாகக் கடிதம் எழுதாததை மன்னிக்கவும். இங்கே நெல் விலை விழுந்து எல்லாம் கவிழ்ந்துவிட்டது. வட்டிக்குக் கொடுத்த பணம் வரவில்லை. கடன்காரன் விட்டுப்போன வயலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? கடையைக் கட்டிவிட்டேன். சித்திரையில் கப்பலேறுகிறேன்.

கண்டனூர்க்காரர் மாசியில் கொட்டகையை ஏலம் விடுகிறார். வட்டிகூடக் கட்டவில்லையாம், மைத்துனர் எனக்கு எழுதவே இல்லை. ஊர் திரும்புகிறவனுக்கு மிச்சமிருப்பது அந்தத் தலைவர் பேர் ஒன்றுதான். அதுவும் போனால் நான் எந்த முகத்தோடு தெருவில் நடப்பேன்?

தங்கள் சீர்ப்பணத்தில் மிச்சம் பிறந்த வீட்டில் வட்டிக்கு இருப்பது தெரியும். கொட்டகையை மீட்டுக்கொடுங்கள். முதல் வரிசையில் தங்களுக்கு நாற்காலி போடுகிறேன். நம் சபைக்குத் தாய் தாங்கள்தான் என்று மேடையில் சொல்கிறேன். காலில் விழுந்து கேட்கிறேன்.

இராமு

•

நேமத்தான்பட்டி
பங்குனி 3 (1932)

கொழுந்தனார் இராமு அவர்களுக்கு,

கப்பலேறுமுன் இது கிடைக்க வேண்டும் என்று எழுதுகிறேன். இங்கு எல்லாரும் சுகம். மீனம்மாளுக்கு மட்டும் இருமல்.

மாசி ஏலத்தில் கொட்டகையை நான் எடுத்துவிட்டேன். என் பணம், என் பேரில் கிரயம். கிரயம் முடிந்த அன்றைக்கே சபைக் கமிட்டிக்காரர்கள் எல்லாரும் வந்தார்கள். உங்கள் மைத்துனரும் வந்தார். "ஆச்சி, நீங்களே தலைவரா இருந்து நடத்துங்க. நாங்க குறுக்க நிக்க மாட்டோம்" என்றார்கள். மோர் கொடுத்து அனுப்பினேன். சபை கலைந்தது என்று வாசலில் எழுதி ஒட்டச் சொன்னேன்.

இப்போது கொட்டகை மிளகாய் வற்றல் கிட்டங்கி. பரமக்குடி வியாபாரி வாடகைக்கு எடுத்திருக்கிறார். பாதிக் கொட்டகை நிரம்பிவிட்டது. உங்கள் தேக்கு மேடை மூட்டை அடுக்க வாகாக இருக்கிறது, ஓதம் ஏறாது. உள்ளே போகிறவன் வாயைத் திறந்தால் நெடி தொண்டையைப் பிடிக்கிறது. பாடுவது இருக்கட்டும், பேசவே முடியாது. உங்கள் வீட்டுச் சுவரும் கொட்டகைச் சுவரும் ஒன்றல்லவா, அதனால்தான் மீனம்மாளுக்கு இருமல். ஜன்னலைச் சாத்திக்கொள்ளச் சொன்னேன்.

உங்களை வருத்த வேண்டும் என்றுதான் செய்தேன். அதை மறைக்க மாட்டேன்.

சோணை மட்டும் ஒரு நாள் கேட்டான்: "பாட்டு இல்லாம இருந்துக்கிருவீகளா ஆச்சி?"

"இருந்துக்கிருவேன்" என்றேன்.

ஊருக்கு வந்ததும் உங்களுக்கு ஒரு வேலை வேண்டியிருக்கும். மூட்டைக் கணக்கு எழுத வியாபாரி ஆள் தேடுகிறார். உங்கள் பேரைச் சொல்லி வைத்திருக்கிறேன். சம்பளம் குறைவுதான், ஆனால் மாதம் தவறாது. வேண்டாம் என்றால் இப்போதே எழுதிவிடவும், வேறு ஆள் பார்க்க வேண்டும்.

முதல் வாரம் எனக்கும் கஷ்டமாக இருந்தது. கச்சேரி நேரம் வந்தால் காது தானாக அங்குட்டுப் போகும். இப்போது அதுவும் இல்லை. விளக்கு வைத்ததும் சாப்பிட்டுப் படுத்துவிடுகிறேன். நன்றாகத் தூக்கம் வருகிறது.

நாச்சியம்மை