ஈயம் விழுங்கும் ஒளி

மார்ச் 4

ஆய்வகத்தில் வழக்கம்போல் தண்ணீர் மாதிரிகள். மதியம் தங்கை போன் செய்தாள். அவள் மகள் குட்டியின் ரத்தத்தில் ஈயமாம். ஒன்றரை வயதுப் பிள்ளை. "எங்கேர்ந்துண்ணா வந்திருக்கும்? வீட்டுல தேடுங்கன்னு டாக்டர் சொல்றாரு." "குழாய்த் தண்ணிலேர்ந்து பார்க்கலாம்" என்றேன். தினமும் ஈயத்தைத் தேடுகிறவன்தான் நான்.

மார்ச் 5

தங்கை வீட்டுக் குழாய்த் தண்ணீரைக் கொண்டுவந்து பார்த்தேன். ஈயத்தைக் கண்டுபிடிக்கும் ஆய்வகக் கருவியின் விளக்குக்குள்ளேயே ஈயம் இருக்கிறது. அது தனக்கே உரிய ஒளியை விடும். கண்ணுக்குத் தெரியாத ஒளி. அதைத் தீயின் ஊடே அனுப்பி, தண்ணீரைத் தீயில் தெளிக்க வேண்டும். தண்ணீரில் ஈயம் இருந்தால் அதன் அணுக்கள் அந்த ஒளியைப் பிடித்து விழுங்கிவிடும். ஈயம் எந்த ஒளியை விடுமோ, அதையேதான் வாங்கவும் செய்யும்.

ஒளி குறையவில்லை. தண்ணீர் சுத்தம்.

நிம்மதி வரவேண்டும்தானே? அப்படியென்றால் வேறெங்கோ — இந்த நிமிஷமும் குட்டி அதைத் தின்றுகொண்டிருக்கிறாளோ?

மார்ச் 7

கண்ணை மூடினால் அவள் முகம்.

மார்ச் 8

தங்கை வீட்டில் குட்டி தொட்டில் கம்பியைப் பிடித்து நின்று கடித்துக்கொண்டிருந்தாள். உதட்டில் மஞ்சள் துணுக்கு. மாப்பிள்ளை லாரிப் பட்டறையில் பெயிண்டர். அவள் பிறக்குமுன் ஆசை ஆசையாகத் தொட்டில் செய்து, பட்டறை மஞ்சளை அடித்திருந்தார். லாரிக்கு அடிக்கும் மஞ்சளில் ஈயம் கலந்திருப்பதுண்டு.

கொஞ்சம் சுரண்டி எடுத்தேன். "எதுக்கு மச்சான்?" என்றார் மாப்பிள்ளை.

"சும்மா பார்க்கத்தான். நான் சொல்ற வரைக்கும் அவள இதுல விடாதீங்க."

மார்ச் 9

சுரண்டிய பெயிண்ட்டை அமிலத்தில் கரைத்து, நீர் சேர்த்துத் தெளித்தேன். ஒளி ஏறக்குறைய இல்லாமலே போனது. இன்னும் நீர் சேர்த்தேன். அப்போதும். கருவி கெட்டுப்போயிருக்கக் கூடாதா? வெறும் நீரைத் தெளித்ததும் ஒளி முழுசாகத் திரும்பி வந்தது. கெடவில்லை.

அந்த மனுஷன்கிட்ட எப்படிச் சொல்லுவேன்?

மார்ச் 10

பட்டறை வாசலில் வைத்துச் சொன்னேன். கையிலிருந்த பிரஷை டப்பாவில் வைத்தார். பிறகு, "நானே என் புள்ளைக்கு விஷம் வெச்சுட்டேனா மச்சான்?"

"தெரிஞ்சா செஞ்சீங்க?" என்றேன்.

வீட்டுக்கு வந்து, தொட்டிலைத் துணியில் சுற்றி இருவருமாக வெளியேற்றினோம். அவர் ஈரத்துணியால் தரையைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார். நான் தடுக்கவில்லை.

ஏப்ரல் 22

ரத்தத்தில் ஈயம் குறைந்திருக்கிறது. மூளைக்கு ஏதாவது? தங்கைதான் அதைக் கேட்டாள். "வளர வளரத்தான் தெரியும்மா" என்றார் டாக்டர்.

ஜூன் 2

மாப்பிள்ளை இப்போது பட்டறையிலேயே குளித்து, உடை மாற்றிக்கொண்டுதான் வருகிறார். "கையில ஒட்டியிருக்குமோன்னு பயந்து, அன்னிலேர்ந்து இவள அவர் தூக்கறதே இல்லண்ணா" என்று தங்கை சமையலறையில் மெல்லச் சொன்னாள்.

இன்று அவர் உள்ளே வந்ததும் குட்டி ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டாள். அவர் என்னைப் பார்த்தார். தலையசைத்தேன்.

குனிந்து தூக்கினார்.