செத்தவர் டீ குடிக்கிறார்

தம்பிக்கு,

உன் புது நாவல் வந்ததிலிருந்து நூலகத்தில் என் தலைதான் உருளுகிறது. "என்ன மேடம், உங்க தம்பி எங்களை முட்டாள்னு நினைச்சிட்டாரா?" என்று நேற்று ஒரு கணக்கு வாத்தியார் புத்தகத்தை மேசையில் போட்டுவிட்டுப் போனார். மூன்றாம் அத்தியாயத்தில் குத்துப்பட்டுச் செத்த இன்ஸ்பெக்டர், பதினோராம் அத்தியாயத்தில் உட்கார்ந்து டீ குடிக்கிறார். இருபது நாவலில் ஒரு துப்பைக்கூட நழுவவிடாதவன் நீ. பேர் வந்ததும் மெத்தனமும் வந்துவிட்டது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த எரிச்சலில்தான் ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணிக் கத்தினேன். நீ சிரித்து மழுப்பியிருந்தால்கூடத் தேவலை. "எந்த இன்ஸ்பெக்டர், அக்கா?" என்றாய். விளக்கமாகச் சொன்னேன். ஐந்து நிமிஷம் கழித்து மறுபடியும் அதையே கேட்டாய்.

அதற்கப்புறம் நான் கத்தவில்லை.

வாசகர்களின் வசவை நான் வாங்கிக்கொள்கிறேன், பழகிவிட்டது. புதன்கிழமை பத்து மணிக்கு டாக்டரிடம் நேரம் கேட்டு வைத்திருக்கிறேன். எழுத்து வேலை இருக்கிறது என்று சாக்குச் சொல்லாதே. நானே வந்து கூட்டிப்போகிறேன், உள்ளேயும் கூடவே இருப்பேன்.

இந்தக் கடிதத்தை எங்கேயாவது செருகி வைக்காதே. சட்டைப்பையிலேயே இருக்கட்டும். தினமும் காலையில் எடுத்து ஒருதரம் படி.

உன் அக்கா